குரங்கைத் தூக்கில் போட்டது யார்?

பல் டாக்டர் சொகுசுக் கப்பலில் இருந்து காணாமல் போனதைப் பற்றி உறுதியாகத் தெரிந்த விஷயங்கள் மொத்தமே ஐந்துதான். அவர் தனியாகத்தான் பயணம் போனார். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டார். அன்று முழுக்கக் கப்பல் நடுக்கடலில் இருந்தது, எந்தக் கரையிலும் நிற்கவில்லை. மதியத்துக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவர் படுக்கை கலையாமல் இருந்தது, செருப்பு மட்டும் பால்கனியில் கிடந்தது.

அவ்வளவுதான். போலீஸும் கப்பல் கம்பெனியும் மூன்று மாதம் விசாரித்துவிட்டு, இந்த ஐந்தோடு கையைக் கழுவிவிட்டார்கள்.

நாங்கள் கழுவவில்லை. மர்ம வழக்குகளை அலசுவதற்கென்றே வருஷக்கணக்காக நடக்கிற எங்கள் இணையக் குழுவில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அதில் கப்பலில் கால் வைத்தவர் ஒருவர்கூட இல்லை. தலைவருக்குப் பட்டப்பெயர் கேப்டன். குழாய், ஷவர், வாஷ்பேசின் விற்கிற கடை வைத்திருக்கிறார். தண்ணீர் சம்பந்தப்பட்ட தொழில், அதனால் கேப்டன். அவருக்கு அடுத்தவர் நீதிபதி. டிரைவிங் ஸ்கூலில் வேலை. யார் என்ன சொன்னாலும் கடைசியில் வந்து தீர்ப்பு எழுதிவிட்டுப் போவார், அதனால் நீதிபதி. பூனைப்படம் என்று ஒரு பெண் இருந்தாள். முகத்துக்குப் பதிலாகப் பூனையின் படம் வைத்திருப்பாள், எல்லாவற்றையும் படிப்பாள், ஒன்றும் எழுத மாட்டாள். நாலாயிரம் பேர் எழுதிக்கொண்டே இருக்கிற இடத்தில் அதுவே பெரிய விநோதம்தான்.

தெரிந்த விஷயம் ஐந்து, எங்களிடம் இருந்த தியரி இருபத்திரண்டு. நாலாவது தியரிப்படி, முட்டை சாப்பிட்டது டாக்டரே இல்லை, அவரைப் போலவே இருக்கும் இன்னொருவர். ஆதாரம்: டாக்டருக்கு முட்டை பிடிக்காதாம். அதை யார் சொன்னது? அதே தியரியின் முதல் பத்தியில் சொல்லியிருக்கிறது. பதினோராவது தியரிப்படி, அவர் அழுக்குத் துணிக் கூடைக்குள் உட்கார்ந்து அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிட்டார். இப்போது எங்கேயோ தாடி வைத்துக்கொண்டு பல் பிடுங்குகிறார். பத்தொன்பதாவது தியரி நீதிபதியுடையது. இருபது வருஷத்துக்கு முன் டாக்டர் யாருக்கோ நல்ல பல்லைத் தவறுதலாகப் பிடுங்கிவிட்டார், அந்த ஆள்தான் அதே கப்பலில் பியானோ வாசித்தவர். பியானோ கட்டைகளும் பல் வரிசை மாதிரி இருக்கின்றன அல்லவா என்று கேட்டிருந்தார். அதற்கு எழுநூறு பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதில் ஒருவன் நான்.

நான் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற கடையில் வேலை பார்க்கிறேன். நாற்காலி, வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். "முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க, அவ்வளவுதான்." இதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற ஆளுக்கு வாழ்க்கையில் ஒரு மர்மம் வேண்டாமா? ஆனால் குழுவில் என்னை ஒரு ஈயாகக்கூட மதிக்கவில்லை. நான் எது எழுதினாலும் யாராவது கொட்டாவி விடுகிற பொம்மையைப் போடுவார்கள்.

இத்தனைக்கும் அதே கப்பலில் என் சொந்த அத்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்காரர். பயணிகளின் அறையைச் சுத்தம் செய்து, படுக்கை விரிக்கிற ஸ்டூவர்ட். செய்தி வந்த அன்றே போனில் பிடித்துக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். நான் இருக்கிறது நாலாவது மாடி, அந்தாளு இருந்தது ஒன்பதாவது," என்று வைத்துவிட்டார். கப்பலுக்குள் ஒரு ஆளை வைத்துக்கொண்டு எனக்கு இப்படி ஒரு ராசி.

ஒரு நாள் கேப்டன் எழுதினார்: "வாய்ல வடை சுடுறவங்க எல்லாம் ஒதுங்குங்க. அந்த ரூமுக்குள்ள எடுத்த ஒரே ஒரு போட்டோ யாராவது கொண்டாங்க பாப்போம்." அதற்குக் கீழே நீதிபதி என் பெயரைக் குறிப்பிட்டு, "போட்டோக்கடைத் தம்பி முயற்சி பண்ணுவாரா, இல்ல டாக்டரை நாற்காலில உக்கார வச்சுத்தான் எடுப்பாரா?" என்று கேட்டிருந்தார். ஐந்நூறு பேர் சிரித்தார்கள். எண்ணினேன்.

என் போனில் ஒரு படம் இருந்தது. டாக்டர் காணாமல் போவதற்கு இரண்டு மாதம் முன்னால், வேறொரு பயணத்தின்போது, அத்தான் எங்கள் குடும்பக் குழுவில் போட்டது. கப்பல் அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் படுக்கை விரிக்கும்போது ஸ்டூவர்ட்கள் டவலை மடித்து மிருக பொம்மை செய்து வைப்பார்கள். இந்தப் படத்தில் இருந்தது ஒரு டவல் குரங்கு. துணி மாட்டும் ஹேங்கரில் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. அந்த அறைக் குழந்தைகளின் அம்மா ஆசையாக எடுத்து அத்தானுக்கு அனுப்ப, அவர் தன் மகளுக்கு அனுப்பியிருந்தார். "அப்பா செஞ்ச குரங்கு பாரு பாப்பா!" படத்தின் ஓரத்தில் ஒரு ஜோடி சின்ன சிவப்பு ஷூ. அதற்குப் பக்கத்தில் தினமும் அறைக்கு வருகிற நிகழ்ச்சித் தாள், மேலே தேதியோடு.

ஓரத்தை வெட்டுவதுதான் என் தொழில். இரண்டு காதும் தெரிய வேண்டும், தோள் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் போக வேண்டும். ஷூ போயிற்று, தேதி போயிற்று. குரங்கு மட்டும் வெள்ளைச் சுவரில் தொங்கியது. "அந்த அறை. அந்த நாள். எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்க வேண்டாம்," என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

பத்து நிமிஷத்தில் குழு தீப்பிடித்துக்கொண்டது. "குரங்கு தொங்கலை, தொங்க விட்டிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு," என்றார் நீதிபதி. "அது ஏன் கதவைப் பாக்கலை? எதைப் பாக்குது? பால்கனியை!" என்றார் கேப்டன். பால்கனி படத்திலேயே இல்லை. ஒருவர் குரங்கின் கைகளுக்கு நடுவே கோணமானி வைத்து அளந்து, நாற்பத்தொரு டிகிரி, அதை வரைபடத்தில் போட்டால் கப்பல் அன்று இருந்த இடம் வருகிறது என்றார். ஒரு பல் மருத்துவ மாணவர் குரங்குக்கு வாய் இல்லாததைச் சுட்டிக்காட்டினார். "வாய் இல்லை. பல் டாக்டர். புரியுதா?" புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. இருபத்து மூன்றாவது தியரி அன்றே பிறந்தது: பொம்மை செய்தவனே கொலைகாரன். அந்த ஸ்டூவர்டை விசாரிக்கச் சொல்லித் தொள்ளாயிரம் பேர் ஒரே கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். கேப்டன் என்னைத் துணைக் கேப்டன் ஆக்கினார்.

யாரோ ஒரு ஸ்டூவர்ட்தானே என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவே இல்லை. இப்போது சொல்லும்போது நாக்கு கூசுகிறது, அப்போது கூசவில்லை.

இரண்டு மாதம் கழித்து அத்தான் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வந்த வாரமே அடுத்த கப்பலுக்குத் தேதி வந்துவிடும். இந்த முறை வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில், நான் முதல் வாய் எடுக்கும்போது சொன்னார்.

"நாளைக்கு ஏஜென்சில வரச் சொல்லியிருக்காங்க. அந்தப் பல் டாக்டர் விஷயமா."

அக்கா கரண்டியை வைத்தாள். "உங்களுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? நீங்க நாலாவது மாடிதானே?"

"ஒன்பதாவது. அவர் ரூம் என்னோடதுதான். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க, அதான் சொல்லலை."

எடுத்த வாய் எனக்கு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"அப்ப முடிஞ்ச விஷயம்தானே? இப்ப எதுக்கு?"

"எவனோ ஒருத்தன் குரங்கு பொம்மைப் படத்தைப் போட்டு விட்டிருக்கான். அந்த ரூம்ல தொங்கின குரங்காம். ஊரே சேந்து கம்பெனிக்கு லெட்டர் போட்டிருக்கு. குரங்குக்குப் பதில் சொல்லாம உனக்குக் கப்பல் கிடையாதுன்னுட்டாங்க."

"எந்த வீணாப்போனவன் போட்டான்? அவன் கை அழுகிப் போக!" என்றாள் அக்கா. நான் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் அத்தானைப் பார்த்தாள். "நீங்க தொங்க விட்டீங்களா?"

"எனக்குக் குரங்கே செய்ய வராதுடி."

"அப்ப பாப்பாவுக்கு அனுப்பினீங்களே, அப்பா செஞ்ச குரங்குன்னு?"

பாப்பாவுக்கு ஆறு வயசு. தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அத்தான் தண்ணீர் குடித்தார், நிறைய.

"அது என்கூட ரூம்ல இருக்கறவன் செஞ்சது. எனக்கு முயல் மட்டும்தான் வரும். பதினோரு வருஷமா முயலை வச்சே ஓட்டிட்டேன். யாராவது குரங்கு வேணும், யானை வேணும்னு கேட்டா அவன் வந்து செஞ்சு குடுப்பான். பதிலுக்கு அவன் பாக்கற ரூம்களோட பாத்ரூமெல்லாம் நான் தேச்சுக் குடுப்பேன்."

"வரலைன்னு நாளைக்குச் சொல்லிட வேண்டியதுதானே!"

"எப்படிச் சொல்றது? கம்பெனி கேக்கற ஆறு பொம்மையும் வரும்னு வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். வராதுன்னா அந்தப் பேப்பர் பொய். வரும்னா தொங்க விட்டவன் நான். எந்தப் பக்கம் போனாலும் வேலை காலி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணும் கலங்கியது. "நல்லாப் பொழைச்சீங்க போங்க," என்று எழுந்து போனாள். பாப்பா மட்டும் விடவில்லை. "அப்பா, அப்ப அந்தக் குரங்கு பொய்யா?"

"குரங்கு நிஜம் பாப்பா. அப்பாதான் பொய்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாறாக, "நானும் கூட வரேன் அத்தான், ஒரு துணைக்கு," என்றேன். "நீயாவது இருக்கியே மச்சான்," என்று அவர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

கப்பலுக்கு ஆள் எடுக்கிற அந்த ஏஜென்சி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்க நீலக் கடல் படம், தரை முழுக்க வரிசையில் காத்திருக்கும் ஆட்களின் செருப்புத் தடம். உள்ளே மேடம் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் ஆறிப்போன காபி. அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் உட்கார்ந்ததும் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். என் குரங்கு. கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, தேய்ந்துபோய், ஏதோ போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது.

"இது நீங்க செஞ்சதா?"

அத்தான் எட்டிப் பார்த்தார். "எல்லாக் குரங்கும் இப்படித்தான் மேடம் இருக்கும்."

"நான் எல்லாக் குரங்கையும் கேக்கலை. இதைக் கேக்கறேன்."

அக்கா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இதை நான் எங்கேயோ பாத்திருக்கேனே," என்றாள். என் காது சூடாகிவிட்டது.

மேடம் அலமாரியைத் திறந்து ஒரு பெரிய வெள்ளை டவல், ஒரு சின்ன டவல், ஒரு ஹேங்கர் மூன்றையும் எடுத்து வைத்தார். "செய்யுங்க. உங்க கைவேலையும் படத்துல இருக்கற கைவேலையும் ஒண்ணான்னு பாத்துடுவோம். அதுக்குன்னே ஒரு ஆள் கம்பெனில இருக்கார், வீடியோ அனுப்பணும்." சொல்லிவிட்டு போனை நிமிர்த்தி வைத்துப் பதிவை ஓட விட்டார்.

அத்தான் எழுந்து சட்டைக் கையை மடித்தார். டவலின் இரண்டு பக்கத்தையும் சுருட்டி நடுவுக்குக் கொண்டுவந்தார். அது வரைக்கும் சரி. பிறகு மடித்தார், பிரித்தார், முனையை இழுத்தார், திரும்ப மடித்தார். நெற்றியில் வேர்வை. அவருடைய கைக்கு வழி தெரிந்தது முயலுக்கு மட்டும்தான். எங்கே ஆரம்பித்தாலும் அது அங்கேயே போய் நின்றது. கடைசியில் ஹேங்கரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். "என்ன இது?"

"குரங்கு மேடம்."

"காது ஏன் இவ்வளவு நீளமா இருக்கு?"

"வயசான குரங்கு மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஆறு பெயர், ஆறு டிக், கீழே அத்தான் கையெழுத்து. "அப்ப இது என்ன?" என்றார். அத்தான் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். அக்கா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். பதினோரு வருஷம் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், அந்தப் படம் அந்த ரூமே இல்லை," என்றேன்.

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். போனை எடுத்து வெட்டாத படத்தைத் திறந்து மேஜையில் வைத்தேன். சிவப்பு ஷூ. நிகழ்ச்சித் தாள். தேதி.

மேடம் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "டாக்டர் போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. குழந்தைங்க இருந்த ரூம்." நிமிர்ந்தார். "யாரு இதை வெட்டினது?"

"நான்தான்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பாஸ்போர்ட் போட்டோ எடுக்கற கடையில."

"தெரியுது. சுத்தமா வெட்டியிருக்கீங்க."

அத்தான் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். "நீயாடா மச்சான்?" என்று மட்டும் கேட்டார், ஏதோ நான் வழியில் எதிர்ப்பட்ட மாதிரி. அக்கா என் வலது கையை மட்டும் பார்த்தாள். அழுகிவிட்டதா என்று பார்த்தாளோ என்னவோ.

மேடம் வீடியோவை நிறுத்தினார். நிதானமாக இரண்டு விஷயம் சொன்னார். நான் இன்று மாலைக்குள் அந்தக் குழுவில் உண்மையை எழுதி, வெட்டாத படத்தையும் போட வேண்டும். அத்தான் பதினைந்து நாளில் திரும்பி வந்து, மேடத்தின் கண் முன்னால் ஆறு பொம்மையும் செய்ய வேண்டும். "ஆறும் வந்தா அந்தப் பழைய பேப்பரை நான் பாக்கலை. ஒண்ணு குறைஞ்சாலும் கப்பலை மறந்துடுங்க." போகும்போது ஹேங்கரைக் காட்டி, "இதையும் எடுத்துட்டுப் போங்க, பயமா இருக்கு," என்றார்.

மாலை நாலு மணிக்குக் கடையில் உட்கார்ந்து எழுதினேன். படம் வேறு பயணத்தில் எடுத்தது, ஓரத்தை வெட்டியது நான், அந்த ஸ்டூவர்ட் மேல் ஒரு தப்பும் இல்லை, மன்னித்துவிடுங்கள். நாலாயிரம் பேர் என்னைக் காறித் துப்புவார்கள் என்று தயாராக இருந்தேன். அதற்குக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"எவ்வளவு குடுத்தாங்க தம்பி?" என்றார் கேப்டன்.

"மிரட்டி எழுத வச்சிருக்காங்க. மூணாவது வரில 'தப்பு'ன்னு வருது பாருங்க, பயந்தவன்தான் அப்படி எழுதுவான்," என்றார் நீதிபதி.

ஷூவைப் பார்த்தார்கள். குழந்தைகளா? குள்ளமான ஆளாக இருக்கலாமே. தேதியைப் பார்த்தார்கள். தாளில் தேதி அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பிரிண்டர் யாரிடம் இருக்கிறது? போட்டோக்கடையில். முப்பத்தெட்டாவது தியரி நான். டாக்டர் காணாமல் போன அன்று மதியம் மூன்று பத்துக்கு நான் குழுவில் "தூக்கம் வருது" என்று எழுதியிருந்தேனாம். "கடை நேரத்துல யாருக்குத் தூக்கம் வரும்? தான் இங்க இருக்கறதா காட்டிக்க எழுதியிருக்கான்." டாக்டர் புது முகத்தோடு வாழ வேண்டுமென்றால் முதலில் என்ன வேண்டும்? பாஸ்போர்ட் போட்டோ! என்னைக் குழுவை விட்டு நீக்கவில்லை. "சந்தேக ஆசாமி கண்ணு முன்னாடியே இருக்கட்டும்," என்று கேப்டன் உத்தரவு.

அந்த வாரம் கடைக்குக் கூட்டம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, முகவாயை இறக்கச் சொன்னால் இறக்காமல் என்னையே முறைத்துப் பார்த்தார்கள். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "என்னடா திடீர்னு எல்லாரும் வெளிநாடு போறாங்க?" என்றார்.

வீட்டில் நிலைமை வேறு. எங்கள் வீட்டு டவல் எதுவும் டவலாக இல்லை. குளித்துவிட்டு வந்து கொடியில் கையை வைத்தால் பாதி யானை வரும். அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் தண்டனை கொடுப்பதை நிறுத்தவில்லை: "பாப்பா, உன் மாமாகிட்ட சொல்லு, அவர்தான் அப்பாவுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு." கடை விட்டு வந்ததும் நானும் அத்தானும் கட்டிலின் இரண்டு பக்கம் உட்கார்ந்து வீடியோ பார்த்து மடிப்போம். எனக்கு இரண்டாவது நாளே குரங்கு வந்துவிட்டது. அதைவிடக் கேவலம் வேறு என்ன வேண்டும்? அத்தானுக்கு யானை வந்தது, அன்னம் வந்தது, நாய் வந்தது, நண்டுகூட நடந்து வந்தது. குரங்கு மட்டும் வரவில்லை. பாப்பா கதவருகே நின்று பார்த்துவிட்டு, "முயல்," என்று சொல்லிவிட்டுப் போவாள். நீதிபதியைவிடக் கறாரான தீர்ப்பு.

பத்தாவது நாள் என் போனுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. பூனைப்படம்.

"அந்த ரூம்ல குரங்கு இல்லேன்னா, வேற என்ன இருந்துச்சு?"

நாற்பது தியரி, நாலாயிரம் பேர். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நானும்தான். டவலை மடித்துக்கொண்டிருந்த அத்தானிடம் கேட்டேன்.

"வேற என்ன இருக்கும்? முயல்தான்," என்றார். பிறகு கை நின்றது. "தினமும் தலையணைல ரெண்டு வெள்ளை மிட்டாய் வைப்போம், புதினா மிட்டாய். மூணாம் நாள் போய்ப் பாக்கறேன், அந்த மனுஷன் அதைச் சாப்பிடாம முயல் வாய்ல முன்பல்லு மாதிரி சொருகி வச்சிருக்கார். எனக்கு ஒரே சிரிப்பு. நாலாம் நாள் முயல் மடியில ஒரு சீட்டு. 'பல் நன்றாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து வரவும்.' கீழ கையெழுத்து வேற, டாக்டர் கையெழுத்து, ஒண்ணும் புரியாது."

"அப்புறம்?"

"அஞ்சாம் நாள் சாயங்காலம் படுக்கை விரிக்கப் போனேன். ஆள் இல்லை. பழைய முயலைக் கலைக்க மனசு வரலை, நாற்காலில உக்கார வச்சுட்டு, படுக்கைல புதுசு ஒண்ணு வச்சேன். காலைல போனா ரெண்டும் வச்ச இடத்துலயே உக்காந்திருந்துச்சு." டவலைத் தட்டி நேராக்கினார். "விசாரணைல இதெல்லாம் சொன்னேன் மச்சான். எழுதிக்கிட்டவர் 'படுக்கை கலையவில்லை'ன்னு மட்டும் எழுதினார்."

எனக்குக் கட்டை விரல் துடித்தது. பொய் சொல்ல மாட்டேன். நிஜமான அறை, நிஜமான நாள், நிஜமான சீட்டு. இதை மட்டும் குழுவில் போட்டால் கேப்டன் என் காலில் விழுவார். மிட்டாய் எத்தனை? இரண்டு. முன்பல். முயல். ஆறு மாதம்! ஆறு மாதம் கழித்து என்ன நடக்கப் போகிறது? தியரி எழுபதைத் தாண்டும். மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு குரங்கின் கையை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு மட்டும் எழுதினேன். முயல், மிட்டாய், சீட்டில் இருந்த வரி, அத்தான் சொன்னபடியே.

அவள் பதில் வருவதற்குள் குழுவில் நீதிபதி, டாக்டரின் குடும்பமே அவரை ஒளித்து வைத்திருக்கிறது, டிவி பேட்டியில் மகள் அழும்போது கண்ணீர் இடது கண்ணில் மட்டும்தான் வருகிறது என்று நாற்பத்தோராவது தியரி போட்டு முடித்திருந்தார். பிறகு பூனைப்படத்திடம் இருந்து வந்தது.

"அப்பா எனக்கும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் எழுதிக் குடுப்பார். சின்ன வயசுல இருந்து." கொஞ்சம் கழித்து இன்னொன்று: "குழுவுல போட்டுடாதீங்க."

"போட மாட்டேன்," என்று எழுதினேன். என்னை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. எனக்கே இல்லை. அந்தச் செய்தியை அழித்துவிட்டுக் குழுவில் இருந்து வெளியே வந்தேன். அதுவும் ஒரு தடயம் ஆகியிருக்கும்.

பதினைந்தாம் நாள் மேடம் மேஜையில் ஐந்து பொம்மை வரிசையாக உட்கார்ந்தன. ஆறாவதை அத்தான் கண்ணை மூடிக்கொண்டு செய்தார். நிஜமாகவே கண்ணை மூடி; கண்ணைத் திறந்தால் கை முயலுக்குப் போய்விடுகிறது என்று பாப்பாதான் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தாள். தொங்கியது. கை இரண்டும் கையாக இருந்தன. காது மட்டும் லேசாக நீளம்.

மேடம் சுற்றி வந்து பார்த்தார். "என்ன இது?"

"குரங்கு மேடம்."

"வயசு?"

"நடுத்தர வயசு மேடம்."

மேடம் இந்த முறை சிரித்தார். ஆறாவது டிக்கையும் போட்டார்.

அடுத்த மாதமே அத்தான் வேறொரு கப்பலுக்குப் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தட்டவில்லை. "டவலெல்லாம் துவைச்சுப் போடு மச்சான்," என்றார். குடும்பக் குழுவில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் அனுப்புகிற படங்கள் அக்காவின் போனுக்கு மட்டும்தான் வரும்.

நேற்று மதியம் ஒன்று வந்தது. அக்கா பார்த்தாள், பாப்பா பார்த்தாள், நான் சும்மா சுவரைப் பார்த்தேன். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை போல. போனை நீட்டினாள், கையில் கொடுக்காமல், எனக்கு எட்டாத தூரத்தில். விரித்த படுக்கை, அதன் மேல் ஒரு முயல், வாயில் முன்பல்லாக இரண்டு வெள்ளை மிட்டாய்.

"பாத்துட்டேன்," என்றேன்.

"முயலை யாரு கேட்டா? ஓரத்துல என்ன இருக்கு, சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடா."

"இடது பக்கம் ஒரு விளக்கு. பக்கத்துல தண்ணி பாட்டில். வலது பக்கம் ஒரு பெட்டி, பாதி திறந்திருக்கு. அதுல ஒரு நீலத் துணி தொங்குது."

"கீழ?"

குனிந்து பார்த்தேன். "செருப்பு. ரெண்டு ஜோடி."

"ம்," என்று போனை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள்.